பின் டயரின் உட்பக்கம்

எங்கள் தோட்டத்துப் பெரிய துரை பொய் சொன்னார். பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால், லொறியை யாரும் கேட்கவில்லை என்று சொன்னார். நான் கேட்டேன். ஆபீஸ் வாசல் படியில் நின்று, கழுத்தில் குளவி கொட்டிய இடம் எரிய எரிய, இரண்டு தடவை கேட்டேன்.

அவர் லொறி தராததால்தான் என் வீட்டுக்காரர் எங்கள் காரை எடுத்தார். அந்தக் கார் வழியில் சறுக்கிப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தொடை எலும்பு உடைந்தது. இன்று தோட்டம் முழுக்க, காலை உடைத்தவர் என்று என் வீட்டுக்காரரைச் சொல்கிறது. அவர் அந்தப் பேரைச் சுமந்துகொண்டு தலையைக் குனிந்தபடி நடக்கிறார். எனக்குக் குனிந்து பழக்கமில்லை.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் துரை அந்தக் காரைக் காட்டித்தான் லொறியை மறைத்தார்.

குவைத்தில் ஒரு வீட்டில் பல வருஷம் பாத்திரம் கழுவி, அவர்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, நான் சம்பாதித்ததில் வாங்கிய கார் அது. வெள்ளை நிறத்துப் பழைய ஜப்பான் வேகன். என் வீட்டுக்காரர் யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் வேனை ஓட்டுகிறார். நல்ல கை. கடை முதலாளி தன் வீட்டுப் பெண்களை எங்காவது அனுப்புவதென்றால் அவரைத்தான் தேடுவார். நான் திரும்பி வந்து, மறுபடி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போக ஆரம்பித்தபோது, ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகக் கோயிலுக்கும் பஜாருக்கும் போகலாம் என்று நினைத்து அதை வாங்கினோம். அப்படிக் குடும்பமாகப் போனது மிகச் சில தடவைதான்.

கார் எங்கள் பேரில் இருந்தது. ஆனால் அது லயத்தின் கார், எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவானது.

முன்பெல்லாம் நோயாளிகளைத் தோட்டத்து லொறி கொண்டு போகும். டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அதை நிறுத்தினார்கள். டீசல் வந்த பிறகும் திரும்ப ஆரம்பிக்கவில்லை. கேட்டால் டிரைவர் இல்லை என்பார்கள். டிரைவர் இருந்தால் கொழுந்து ஏற்ற வேண்டும் என்பார்கள். டிஸ்பென்சரியும் பாதி நாள் பூட்டு. அதனால் யாருக்கு முடியவில்லை என்றாலும் எங்கள் கதவைத் தட்டினார்கள். பிரசவம், காய்ச்சல், ரப்பர் காட்டில் பாம்பு கடித்தது, குடித்துவிட்டு மேட்டிலிருந்து விழுந்தது, எல்லாம் எங்கள் காரில்தான் போனது. ஒரு தடவை துரை பங்களாவில் சமையல் செய்கிறவருக்கு நெஞ்சு வலித்தபோது துரையே ஆள் அனுப்பிக் காரைக் கேட்டார். அன்றைக்கு அவருக்கு டயரைப் பற்றிக் கவலை வரவில்லை.

எங்கள் சனத்தில் நோயாளியைத் தனியாக அனுப்பும் வழக்கம் கிடையாது. ஒருத்திக்கு வயிற்றுவலி என்றால் புருஷன் வருவான், மாமியார் வருவாள், வார்டில் ஒரு நர்ஸைத் தெரிந்த சித்தப்பா வருவார். பாய், தலையணை, சுடுதண்ணிப் போத்தல், ஒரு வாளி. எல்லாரும் ஏறிக் கதவைச் சாத்தப் போகும்போது, நானும் வர்றேன், பஜாரில் ஒரு வேலை இருக்கு என்று இன்னொருத்தர் ஓடி வருவார். இடமில்லை என்று சொல்ல முடியாது. சொன்னால், நம்மை ஏற்ற மாட்டானாம் என்ற பேச்சு வருஷக்கணக்கில் நிற்கும். அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. ஐந்து பேருக்குச் செய்த காரில் ஏழு பேர், எட்டுப் பேர் போவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டையும் சேர்ந்துகொள்ளும்.

ரோட்டைப் பற்றியும் சொல்கிறேன். எங்கள் டிவிஷனில் மேலே தேயிலை, கீழே ரப்பர், நடுவில் லயம். பங்களாவுக்குப் போகும் ரோட்டில் தார் இருக்கிறது. லயத்துக்கு வரும் ரோட்டில் கல் இருக்கிறது. கொழுந்து லொறி மழைக்காலத்தில் சக்கரம் புதையப் புதைய ஓடி, நடுவில் ஒரு மேடும் இரண்டு பக்கமும் பள்ளமுமாக ஆக்கிவிட்டது. மூன்று இடத்தில் தண்ணீர் ஓடும் கான் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு கானிலும் காரின் முன்பக்கம் இறங்கி ஏறும். பின்பக்கம் விழும். அத்தனை பேர் பாரத்தோடு, தொப்பென்று விழும்.

முதல் வருஷம் முடிவதற்குள் பின்பக்கம் இறங்கிவிட்டது. நின்றாலே மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் சிரித்தாள்.

"அக்கா, ஒங்க காரு நாய் மாதிரி குந்திக்கிட்டே போகுதுக்கா."

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட வயதில் சின்னவள். மலையில் எனக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள். கை வேகம். என் கூடை பாதி நிறையும்போது அவளுடையது நிறைந்துவிடும். பிறகு என் நிரைக்குள் வந்து, கிண்டல் பேசிக்கொண்டே இரண்டு கை கொழுந்து பறித்து என் கூடையில் போடுவாள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். லயத்துச் சுவர் கூரை வரை போகாது. மேலே இடைவெளி இருக்கும். அவள் வீட்டில் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். குவைத்திலிருந்து நான் வந்த புதிதில் தூக்கம் வராமல் கிடந்தபோது, சுவருக்கு மேலாக அவள் குரல் வரும். "முழிச்சிருக்கீங்களாக்கா?" என்பாள். இரண்டு பேரும் படுத்தபடியே பேசிக்கொண்டிருப்போம்.

கொஞ்ச நாளில் பின்னாலிருந்து ஊ என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வேகம் கூடினால் சத்தம் கூடும். என் வீட்டுக்காரர் பேரிங் போய்விட்டது என்று நினைத்தார். பஜாருக்குக் கீழே ஆற்றோரம் ஒரு கராஜ் இருக்கிறது. அங்கே வேலை செய்கிற சிங்களவரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன்.

பாஸ் பின் சக்கரத்தைக் கழற்றித் தரையில் நிறுத்தினார். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல டயர். கோடுகள் ஆழமாக இருந்தன. இதில் என்ன குறை என்றுதான் நான் நினைத்தேன். அவர் அதைத் திருப்பி உட்பக்கத்தைக் காட்டினார். அங்கே கோடே இல்லை. மொட்டையடித்த தலை மாதிரி வழவழவென்று இருந்தது. விளிம்பில் ரப்பர் முடிந்து, நைந்த சேலைக் கரையில் நூல் தெரிவது போல உள்ளே இருக்கும் துணி தெரிந்தது. நடுவில் கையை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மேடும் பள்ளமுமாக இருந்தது.

ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது, அதனால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து ஓடுகிறது, உட்பக்கம் மட்டும் தரையில் தேய்கிறது என்று சொன்னார். மேடு பள்ளத்துக்குக் காரணம் ஷொக். குழியில் விழுந்த சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியது ஷொக்கின் வேலை. அது செத்துப்போனதால் சக்கரம் பந்து மாதிரித் துள்ளித் துள்ளி ஓடுகிறது. துள்ளுகிற நேரத்தில் தரையைப் பிடிக்காது. இதை மாற்றாமல் புது டயர் போட்டாலும் அதையும் தின்றுவிடும் என்றார்.

"நாலு பேத்துக்கு மேல ஏத்தாத" என்றார் கடைசியில்.

"யார எறக்கி விடுறது? நீங்களே சொல்லுங்க பாஸ்" என்றார் என் வீட்டுக்காரர்.

"மாமியார எறக்கு. வேற யாரு."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஸ்பிரிங்கும் ஷொக்கும் மாற்ற வேண்டும் என்றுதான் இருந்தோம். அதற்குள் காற்றில் கூரைத் தகரம் போனது. பிறகு மகளின் படிப்பு. பழைய டயர் இரண்டு வாங்கிப் போட்டோம். பாஸ் சொன்னபடியே அவற்றையும் தின்றது.

அப்போதுதான் லயத்து ஆண்கள் ரப்பர் வைத்தியத்துக்கு வந்தார்கள். ரப்பர் தோட்டத்துச் சனத்துக்கு ரப்பர் மேல் ஒரு குருட்டு நம்பிக்கை உண்டு. கதவு ஆடினால் ரப்பர். தகரம் ஒழுகினால் ரப்பர். செருப்பு அறுந்தால், அம்மிக்கு அடியில் வைக்க, கட்டில் கால் சத்தம் போட்டால், எல்லாவற்றுக்கும் ரப்பர். அடுப்புப் பற்றவைக்க மரத்தில் பால் ஏந்தும் சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பால். ஸ்பிரிங் இறங்கினால் மட்டும் வேறென்ன வைப்பார்கள்? புகை போட்ட ரப்பர் ஷீட்டில் பழுதானது என்று பெக்டரிக்குப் பின்னால் வீசியிருந்த துண்டுகளை எடுத்து வந்து, மடித்து, கத்தியால் அறுத்து, காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு இடையில் சுத்தியலால் அடித்து ஏற்றினார்கள். நாலைந்து பேர் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். ஜாக்கியை இறக்கியபோது காரின் பின்பக்கம் உயர்ந்து நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம்.

"இப்பதான் எந்திரிச்சு நிக்குது" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள்.

பாஸுக்குத் தெரிந்தபோது திட்டினார். ஸ்பிரிங் என்றால் அமுங்கி எழும்ப வேண்டும், நீங்கள் அதன் வாயில் துணியை அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்றார். இனிமேல் இன்னும் துள்ளும் என்றார். என் வீட்டுக்காரர் அன்றைக்கே ரப்பரைப் பிடுங்கினார். அடுத்த பயணத்தில் கார் தட்டையாக உட்கார்ந்து, கானில் அடி உரசி, சக்கரத்துக்கு மேல் உள்ள தகரம் டயரைத் தொட்டுப் புகை வந்தது. மறுபடி ரப்பரை ஏற்றினார். இதை நான் மறைக்கவில்லை. டயர் தேய்ந்திருந்தது உண்மை. ரப்பர் அடைத்திருந்தது உண்மை. போலீஸில் அவர் பேரில் கேஸ் இருக்கிறது. டயருக்கு அவர் கோர்ட்டில் பதில் சொல்வார். சொல்லத்தான் வேண்டும்.

லொறிக்கு யார் பதில் சொல்வது?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்து. எடுத்த கொழுந்தை நிறுத்து அன்றைக்கே காசு தருவார்கள், அதனால் நிறையப் பேர் போவோம். மத்தியானம் தாண்டி, மேல் மலையில் வாகை மரத்திலிருந்து குளவி கலைந்தது. பருந்து அடித்ததோ, காற்றில் கிளை முறிந்ததோ தெரியாது. சத்தம் கேட்டதும் கூடையைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தோம். எழுந்து ஓடியவர்களைத்தான் அதிகம் கொட்டியது. எனக்குக் கழுத்தில் இரண்டு இடம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு முகம், கை, தலை. அவள் தலைத் துணியைக் கழற்றி இன்னொருத்தியின் முகத்தில் போட்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டது. இன்னும் மூன்று பேருக்கு மோசம். ஒருத்தி வாந்தியெடுத்துக்கொண்டே மயங்கினாள்.

ஆண்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்க, நான் குறுக்கு வழியில் ஆபீஸுக்கு ஓடினேன். டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. பெக்டரிக்கு முன்னால் லொறி நின்றது. அதில் பிளாஸ்டிக் கதிரைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பங்களாவுக்குக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம், அங்கே விருந்து, உட்காரக் கதிரை வேண்டுமாம். துரை ஆபீஸ் வராந்தாவில் நின்று ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் துரை தமிழ் நன்றாகப் பேசுவார். நீ, வா, போ மட்டும் இருக்கிற தமிழ்.

நான் படியில் நின்றேன். மேலே ஏறக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

"தொரை, மேல் மலையில கொளவி கொட்டிருச்சுங்க. நாலு பேத்துக்கு மோசமா இருக்கு, ஒருத்தி மயங்கிட்டா. லொறிய குடுங்க" என்றேன்.

"லொறிக்கு வேற வேல இருக்கு."

மறுபடி கேட்டேன். கதிரையைப் பிறகு ஏற்றலாம், உயிர் போய்விடும் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் லொறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒன் புருஷன் கார் சும்மாதானே நிக்குது. அதுல கொண்டு போ."

இதுதான் அவர் சொன்னது. லொறி டிரைவர் கேட்டார். கதிரை ஏற்றியவர்கள் கேட்டார்கள். ஒருவன் தூக்கிய கதிரையைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு வீட்டில் இருந்தார். நான் போய்ச் சொன்னதும் சாவியை எடுத்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பின் டயரைக் காலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பின் கதவைத் திறந்தேன். நான்கு பெண்களையும் பின்னால் ஏற்றினோம். பக்கத்து வீட்டுப் பெண் கண் தெரியாமல் நின்றாள். கடைசியாக அவளை இடது பக்கக் கதவோரம் உட்காரவைத்து, நான்தான் கதவை அழுத்திச் சாத்தினேன். நான் முன்னால் ஏறினேன். கூட வருகிறேன் என்று வந்தவர்களை அன்றைக்கு முதல் தடவையாக அவர் வேண்டாம் என்று சொன்னார்.

கல் ரோடு முடிகிற இடத்தில் பங்களா ரோடு வந்து சேரும். அங்கே ஒரு முடக்கு, குறுகிய வளைவு. முடக்கிலிருந்துதான் தார் ஆரம்பிக்கிறது. மழை அப்போதுதான் பிடித்திருந்தது. முதல் மழையில் தார் எண்ணெய் பூசியது மாதிரி இருக்கும். அவர் வேகமாக ஓட்டவில்லை. இரண்டாவது கியரில் இறங்கினார். கடைசிக் கானைத் தாண்டியபோது பின்பக்கம் விழுந்து துள்ளியது. அந்தத் துள்ளல் அடங்குவதற்குள் முடக்கு வந்துவிட்டது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் திரும்பாமல் நேராகப் போனது. கார் சுழன்று, இடது பின்பக்கம், ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் போக்கின் கல் கட்டில் அடித்து, பின் சக்கரம் கானுக்குள் இறங்கி நின்றது.

மழைச் சத்தம்தான். பிறகு அவள் குரல் கேட்டது.

"அக்கா, எங் கால் எங்கக்கா இருக்கு? எனக்குத் தெரியல."

கதவு உள்ளே மடங்கி, அவள் காலை சீட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தது.

அடுத்து நடந்ததைத்தான் துரை தனக்கு வசதியாக எடுத்துக்கொண்டார். எங்கள் கார் பங்களா ரோட்டின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் கதிரை ஏற்றிய லொறி பின்னால் வந்தது. போக வழியில்லை. டிரைவர் இறங்கிப் பார்த்தார். யாரிடமும் கேட்கவில்லை. கதிரைகளை எல்லாம் மழையில் ரோட்டோரம் இறக்கச் சொன்னார். கதவை இரும்பு அலவாங்கால் நெம்பி அவளை வெளியே எடுத்து, என்னையும் சேர்த்து ஐந்து பெண்களையும் லொறியில் ஏற்றி, கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். குளவி கொட்டியவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். அவளும் பிழைத்தாள். தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை பெரட்டுக்குத் துரை வந்தார். கணக்கப்பிள்ளைதான் தினமும் பெரட்டு எடுப்பார். துரை வருவது அபூர்வம். ஜீப்பிலிருந்து இறங்கி, கையில் எதையோ வைத்துக்கொண்டு நடுவில் நின்றார். அதை உயர்த்திக் காட்டினார். எங்கள் காரின் ஸ்பிரிங்கிலிருந்து விழுந்த ரப்பர் துண்டு. சுருள் அழுத்திய தடம் அதில் வளைவாகப் பதிந்திருந்தது.

இதுதான் உங்கள் காரின் ஸ்பிரிங் என்றார். தோட்டத்து ரப்பர், யாரைக் கேட்டு எடுத்தான் என்றார். டயரில் ஒரு பக்கம் ரப்பரே இல்லை, இந்தக் காரில் ஆளை ஏற்றியவன் மனிதனா என்றார். சனம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றது. அதை அறுத்தவர்கள், ஜாக்கியைப் பிடித்தவர்கள், யோசனை சொன்னவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. சிலர் சிரித்தார்கள்.

பிறகு அவர் சொன்னார்: "லொறிய யாரும் கேக்கல. கேட்டா குடுத்திருப்பேன். கடைசியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது யாரு? தோட்டத்து லொறி."

நான் நிரையைவிட்டு வெளியே வந்தேன். "நான் கேட்டேன் தொரை" என்றேன். என் கழுத்து வீங்கி, குரல் சரியாக வரவில்லை. முதல் நாள் இரவெல்லாம் காய்ச்சல்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"இவளுக்குக் கொளவி தலையில கொட்டிருச்சு போல."

களம் முழுக்கச் சிரித்தது. நான் கூடப் பிறந்தவர்கள் மாதிரி நினைத்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு முன்னால் நின்ற கங்காணி, போம்மா, போய் நிரையில நில்லு என்று கையைக் காட்டினார். நான் போய் நிரையில் நின்றேன்.

அதற்குப் பிறகு தலைவரிடம் போனேன். எங்கள் தோட்டத்து யூனியன் தலைவர். அவர் என்னை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலை, அது சரியான வேலை நாள் இல்லை, பிரைவேட் காரில் நடந்தது, தோட்டத்துக்குப் பொறுப்பில்லை என்று ஆபீஸில் சொல்கிறார்கள் என்றார். டயர் விஷயம் உங்கள் பக்கம் பலவீனம், அதைக் கிளறாதீர்கள் என்றார். நான் டயரைக் கிளறவில்லை, லொறியைக் கிளறுகிறேன் என்றேன். தேத்தண்ணி ஆறிவிடும் என்றார்.

லொறி டிரைவரிடம் போனேன். நல்ல மனிதர். அன்றைக்கு அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. கதிரையை மழையில் இறக்கியதற்கு அவருக்கு ஏற்கெனவே எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். "எனக்கும் புள்ளைங்க இருக்குக்கா" என்று மட்டும் சொன்னார். அவரை நான் திட்டவில்லை.

என் வீட்டுக்காரர் கடை வேனை விட்டுவிட்டார். முதலாளி போகச் சொல்லவில்லை. இவரே சாவியைக் கொடுத்துவிட்டு, கடைக்குள் சீமெந்து மூட்டை தூக்குகிறார். கார் கராஜுக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு நாள் நான் போய்ப் பார்த்தேன். இடது பின் சக்கரத்தைக் கழற்றி மரத்தில் சாத்தி வைத்திருந்தார்கள். நல்ல பக்கம் வெளியே தெரியும்படி.

இப்போது லயத்தில் யாருக்காவது முடியவில்லை என்றால் திரீவீலருக்கு அலைகிறார்கள். அது கல் ரோட்டில் ஏற மாட்டேன் என்கிறது. தூக்கிக்கொண்டு முடக்கு வரை நடக்கிறார்கள். அப்படி நடக்கிறவர்களும் எங்கள் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் ஒரு தடவை கஞ்சி கொண்டு போனேன். அவள் புருஷன் வாசலில் வாங்கி உள்ளே வைத்தான். பாத்திரம் கழுவித் திரும்ப வந்தது, வெறும் பாத்திரமாக. எங்களுக்குள் வெறும் பாத்திரம் திரும்பிப் போனதே கிடையாது. நாலு மிளகாயாவது அதில் இருக்கும். அவள் ஊன்றுகோல் சிமெந்துத் தரையில் தட்டும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். அடுப்புக்கு, வாசலுக்கு, கட்டிலுக்கு. மலைக்கு இனி அவளால் ஏற முடியாது. சரிவில் நின்று கொழுந்து எடுக்க இரண்டு காலும் வேண்டும்.

போன வாரம் ஒரு சாயங்காலம், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சுவருக்கு மேலாக அவள் கேட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் குரல்.

"அக்கா. நெசமாவே நீங்க லொறி கேட்டீங்களா?"

கை நின்றுவிட்டது.

"கேட்டேன்டி."

"யாரும் கேக்கலங்கறாங்களே."

"யாரு சொல்றா? அங்க நின்ன ஒருத்தனோட பேரச் சொல்லு."

ஊன்றுகோல் ஒரு தடவை தட்டியது.

"எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, நீங்க வாடகைக்கு ஆசப்பட்டு கார எடுத்தீங்களாம். நான் நம்பலக்கா. ஆனா கால் வலிக்கிறப்ப அதான் ஞாபகம் வருது."

அவளிடம் ஒரு நாளும் வாடகை வாங்கியதில்லை. அது அவளுக்கே தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. லொறியைப் பற்றித் துரை என்ன சொன்னார் என்பதைச் சொன்னேன். காரைப் பற்றி அவர் சொன்னதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தொரை வாயால ஒரு வார்த்த சொன்னாப் போதும்க்கா" என்றாள். "எல்லாரு முன்னாடியும் சொல்லட்டும். அப்பறம் எனக்கு மனசு ஆறிரும்."

அவள் கேட்பது அவ்வளவுதான். அதனால் எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

துரை, இதை நீங்கள் படிக்க மாட்டீர்கள். யாராவது படித்துச் சொல்வார்கள். டயரைப் பற்றி, ஸ்பிரிங்கைப் பற்றி, ரப்பர் துண்டைப் பற்றி நான் ஒன்றும் மறைக்காமல் எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை. ஆபீஸுக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், வரமாட்டேன். தலைவர் மூலம் சொல்லியனுப்ப வேண்டாம். ரப்பர் துண்டைத் தூக்கிக் காட்டிய அதே பெரட்டுக் களத்துக்கு வாருங்கள். அவளைக் கதிரையில் வைத்துத் தூக்கி வருகிறோம். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் படியில் நின்று லொறி கேட்டேனா, இல்லையா? என் புருஷன் கார் சும்மாதானே நிற்கிறது, அதில் கொண்டு போ என்று நீங்கள் சொன்னீர்களா, இல்லையா?

சனத்துக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.